முந்நூறு ரூபாய் மோட்டார் சைக்கிள்

மலர்க்குழு நண்பர்கள் விஞ்ஞானி ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவரை விஞ்ஞானி என்று ஒப்புக்கொள்வார்களோ மாட்டார்களோ, நான் கோவை ஜி.டி. நாயுடுவைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவரை எல்லோருக்கும் தெரியும், அதிசய மனிதர் என்று சின்ன வயதிலேயே கேள்விப்பட்டிருப்போம். எனக்கு அவர் மேல் நிஜமான மரியாதை வந்தது அப்பாவின் பழைய புல்லட்டால்.

புதுக்கோட்டைக்காரனுக்குக் கோயம்புத்தூர்க்காரரிடம் என்ன ஒட்டு உறவு என்று கேட்கலாம். அவர் காலமானது 1974 ஜனவரி 4. நம் மாவட்டம் தனி மாவட்டமாகப் பிறந்தது அதற்குப் பத்து நாள் கழித்து, ஜனவரி 14. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று, கோவைக்குப் பக்கத்தில் கலங்கல் என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். படிப்பு ஏறவில்லை. வாத்தியார் மேல் மணலை வாரி இறைத்துவிட்டு ஓடிய பையன் என்று ஒரு கதை உண்டு. அப்புறம் வயல் வேலைதான்.

அந்த ஊர்ப் பக்கம் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ரட்ஜ் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்பது இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக் கம்பெனி. சைக்கிள் செய்துகொண்டிருந்தவர்கள், 1910-11 வாக்கில் மோட்டார் சைக்கிளில் இறங்கினார்கள். ஒற்றை சிலிண்டர், சுமார் 500 சி.சி., பின் சக்கரத்துக்கு பெல்ட், தீப்பொறிக்கு மேக்னெட்டோ. 1914-ல் ஐல் ஆஃப் மேன் சீனியர் பந்தயத்தை ஜெயித்ததும் ரட்ஜ்தான். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடுகிற அந்த வண்டி நாயுடுவின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. கையில் காசில்லை. கோவைக்குப் போய் ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று வருஷம் பணம் சேர்த்து, அந்த வண்டியையே 300 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கியதை முழுசாகக் கழற்றிப் போட்டார். பழையபடி மாட்டினார். வண்டி ஓடியது.

இந்த மூன்று வரியையும் மாணவனாக இருந்தபோது படித்துவிட்டு சாதாரணமாகத் தாண்டிப் போயிருக்கிறேன். அதன் கனம் புல்லட்டைக் கழற்றியபோதுதான் தெரிந்தது.

அறந்தாங்கி பக்கம் எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டகையில் 14 வருஷம் படுத்துக் கிடந்த வண்டி அது. மெட்ராஸ் திருவொற்றியூரில் செய்த 350 சி.சி. பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப்போய் கிக்கர் அசையவில்லை. பிளக்கைக் கழற்றி, அந்தத் துவாரம் வழியாக டீசலும் ஆயிலும் ஊற்றி ஒரு வாரம் ஊற விட்டோம். புதுக்கோட்டை டவுனில் எழுபது வயதைத் தாண்டிய மெக்கானிக் ஒருவர் வழிகாட்டினார். தம்பி, தம்பி என்று கூப்பிட்டபடி ஸ்பேனரை என் கையில் கொடுத்துவிட்டு அவர் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். கழற்றுகிற ஒவ்வொன்றையும் கோணிச்சாக்கின் மேல் கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக அடுக்க வேண்டும். மாட்டும்போது வலமிருந்து இடம்.

டைமிங் வைத்ததுதான் மறக்க முடியாதது. பாயிண்ட் திறக்கிற இடத்தைக் கண்டுபிடிக்க, சிகரெட் தாளில் ஒரு துண்டைக் கிழித்து இடுக்கில் செருகச் சொன்னார். இன்ஜினை மெதுவாகச் சுற்றிக்கொண்டே தாளை லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்வரை தாள் வராது. திறக்கிற நொடியில் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். பிஸ்டன் உச்சிக்கு வர ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கும்போது அது நடக்க வேண்டும். நான் மெக்கானிக்கல் படித்தவன், கண்ணை மூடிக்கொண்டு ஓட்டோ சைக்கிள் படம் போடுவேன். அந்தத் தாள் கையோடு வந்த பிறகுதான் படத்தின் ஒரு மூலை எனக்கு நிஜமானது.

எனக்கு மெக்கானிக் இருந்தார், மேனுவல் இருந்தது, திருச்சிக்குப் போனால் ஸ்பேர் பார்ட்ஸ் கிடைத்தது. நாயுடுவுக்கு என்ன இருந்தது? ஒரு பாகம் உடைந்தால் கப்பலில் வர வேண்டும், அல்லது தானே செய்துகொள்ள வேண்டும். பின்னாளில் அவர் செய்த அத்தனைக்கும் விதை அங்கே விழுந்தது என்பது என் கட்சி.

அதன் பிறகு அவர் நேராக மேலே போய்விடவில்லை. பருத்தி வியாபாரம் செய்தார், திருப்பூரில் ஜின்னிங் ஆலை வைத்தார், பம்பாய்ப் பருத்திச் சந்தையில் பணத்தைத் தொலைத்துவிட்டு ஊர் திரும்பினார். கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் துரை கை கொடுக்க, 1920-ல் ஒரு பஸ் வாங்கி பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஓட்டினார். டிரைவர் அவரே, மெக்கானிக் அவரே, முதலாளியும் அவரே. அதுதான் யு.எம்.எஸ். என்ற யுனிவர்சல் மோட்டார் சர்வீஸாக வளர்ந்து, தென்னாட்டில் பேர் சொல்லும் பஸ் கம்பெனி ஆயிற்று.

புல்லட் தயாரானதும் அந்த ரோட்டைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். அன்னவாசல், இலுப்பூர், விராலிமலை, மணப்பாறை, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி. அங்கிருந்து உடுமலை வழியாகப் பொள்ளாச்சி, பிறகு கோவை. 60-க்கு மேல் முறுக்கினால் பின்னால் வருவது கண்ணாடியில் தெரியாது, அவ்வளவு நடுக்கம். வழியில் இரண்டு இடத்தில் டாப்பெட் சத்தம் கேட்டு நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது தடவை சாக்பீஸ் கோடு போட்டாற்போல எல்லாம் சரியாகத்தான் இருந்தது, சந்தேகம் எனக்குத்தான். பழனிக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே 60 கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. தென்னந்தோப்பும் தெற்கே மலையுமாக இன்றைக்கு சுகமான ரோடு. 1920-ல் அதில் பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு தினமும் போய் வருவது வேறு சமாசாரம்.

அவர் செய்த பொருட்களைப் பட்டியல் போட்டால் மலர் தாங்காது. 1937-ல் இந்தியாவின் முதல் மின்மோட்டார், பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து. பேட்டரியில் ஓடும் ரசந்த் சவரக் கருவி, மண்ணெண்ணெய் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, 70 ரூபாய்க்கு ஐந்து வால்வு ரேடியோ. 1952-ல் 2,000 ரூபாய்க்கு இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் செய்தார். சர்க்கார் லைசென்ஸ் தரவில்லை, அதோடு நின்றது. வரிச்சுமையை எதிர்த்துத் தன் பொருட்களைத் தானே ஜனங்கள் முன்னால் உடைத்தும் காட்டினார். அந்தக் கோபம் நியாயமே, ஆனால் உடைத்ததை என்னால் ரசிக்க முடியவில்லை. ஒரு பொருளைக் கையால் செய்தவர் எப்படித்தான் மனசு வந்து சுத்தியலை எடுத்தாரோ!

நம்மைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டிய சங்கதி 1945-ல் நடந்தது. கோவையில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக்கும், ஆர்தர் ஹோப் இன்ஜினியரிங் கல்லூரியும் அவர் முயற்சியில் வந்தன. கவர்னர் பெயரை வைத்தார்கள். அந்தக் கல்லூரிதான் இன்று ஜி.சி.டி. என்று நாம் சொல்கிற அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்புப் படித்தவர் அதற்குப் பிரின்சிபால்! ஆனால் அதிக நாள் இருக்கவில்லை. இன்ஜினியரிங் படிப்புக்கு நாலு வருஷம் தேவையில்லை, இரண்டு வருஷம் போதும் என்றார். அரசாங்கம் ஒப்பவில்லை. பதவியை விட்டு விலகினார்.

இரண்டு வருஷக் கணக்கை நானும் ஒப்ப மாட்டேன். ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் படிக்காமல் யாராவது கிராங்க் ஷாஃப்ட் டிசைன் செய்தால், அந்த வண்டியில் நான் ஏறுவதாக இல்லை. ஆனால் அவர் சண்டை வருஷத்தைப் பற்றியது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம். நான் படித்தபோது ஆய்வுக்கூடத்தில் குறுக்கே வெட்டிச் சிவப்பும் நீலமும் அடித்த இன்ஜின் ஒன்று இருந்தது. கைப்பிடியைச் சுற்றினால் வால்வு ஏறி இறங்கும். பார்த்து ரெக்கார்டு நோட்டில் வரைந்தோம், மார்க்கும் வாங்கினோம். எங்கள் பேட்ச்சில் ஓடுகிற இன்ஜினைக் கழற்றி மாட்டி, மறுபடி ஓட வைத்தவர்கள் எத்தனை பேர் என்று விருந்துப் பந்தியில் கேட்டுப் பாருங்கள்.

கோவை அவினாசி சாலையில் அவர் பெயரில் கண்காட்சிக்கூடம் இருக்கிறது. அந்த ரட்ஜும் அங்கே இருக்கிறது. 2025-ல் அதே சாலையில் பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். மேம்பாலத்தைவிட அந்த மோட்டார் சைக்கிள் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

தற்போதைய மாணவர்களுக்கு ஒரு தகவல். ஸ்பேர் பார்ட்ஸுக்காக வாங்கிய இன்னொரு பழைய புல்லட் இன்ஜின் என்னிடம் சும்மா கிடக்கிறது. பிஸ்டன் ஒட்டியிருக்கிறது, மற்றபடி முழுசாக இருக்கிறது. துறைத்தலைவர் சம்மதித்தால் ரீயூனியன் அன்றைக்கே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறேன். கோணிச்சாக்கும், சிகரெட் தாளும் நானே கொண்டு வருகிறேன்.