திருச்சுழி தந்த முனிவர்

பாண்டி நாட்டில் அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே பரந்து கிடப்பது வானம் பார்த்த பூமி. அங்குள்ள திருச்சுழியில் வழக்கறிஞராய் விளங்கிய சுந்தரமையருக்கும் அழகம்மாளுக்கும் 1879ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30ஆம் நாள் தோன்றிய மைந்தர் வேங்கடராமன். இரமண மகரிஷி எனப் பின்னாளில் உலகம் போற்றியவர் இவரே.

திருச்சுழியிலும் திண்டுக்கல்லிலும் பயின்ற வேங்கடராமன், 1892இல் தந்தையார் காலமானபின், மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்தில் தங்கி, அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியில் கற்றார். ஒருமுறை கேட்டதை அப்படியே ஒப்பிக்கும் நினைவாற்றல் அவருக்கு உண்டு. ஆயினும், பாடநூலைவிடப் பந்தாட்டமே அவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

1896ஆம் ஆண்டின் நடுவில் ஒருநாள், நல்ல உடல்நலத்துடன் இருந்தபோதே, மரண அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. உடல் மாய்ந்தபின் எஞ்சி நிற்பது யாது என்று தமக்குள்ளேயே ஆராய்ந்தார். அன்றுமுதல் படிப்பில் நாட்டம் குன்றியது. ஆங்கில இலக்கணத்தைப் படியாது சென்றமையால், பெயின் என்னும் அறிஞர் இயற்றிய நூலின் பாடமொன்றை மூன்று முறை எழுதி வருமாறு ஆசிரியர் பணித்தார். ஆகஸ்டு 29ஆம் நாள் இருமுறை எழுதி முடித்தவர், உள்ளம் பற்றாத எழுத்தால் பயன் யாது எனத் தாளை ஒதுக்கிவிட்டுக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்துரைத்தார். அக்கடிதலில் நியாயம் உண்டென உணர்ந்த இளைஞர், திருவண்ணாமலை செல்லத் துணிந்தார். தமையனாரின் கல்லூரிச் சம்பளமாகிய 5 ரூபாயில் 3 ரூபாயை வழிச்செலவுக்கு எடுத்துக்கொண்டு, எஞ்சியதைக் கடிதமொன்றுடன் வைத்துச் சென்றார்.

சில வரிகளேயான அக்கடிதம் ஆராய்தற்குரியது. தன்மை இடத்தில் தொடங்கியவர், விரைவிலேயே தம்மை அஃறிணைச் சுட்டுப் பெயரால் குறிக்கலானார். ஒப்பமிட வேண்டிய இடத்தில் பெயரில்லை. ஒரு கோடே இருந்தது. உயர்திணையை அஃறிணையாகவும், தன்மையைப் படர்க்கையாகவும் கூறுதல் வழுவாகும். ஆயினும், தக்க காரணம் பற்றி வருவதை வழுவமைதி என இலக்கணம் ஏற்கும். தமது என்னும் பற்று நீங்கியமையே இங்குக் காரணம். சினமோ புலம்பலோ அந்நடையில் இல்லை. தம்மைத் தேட வேண்டா என்னும் அமைதியே நிலவியது.

செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தவர் பல்லாண்டுகள் மௌனம் காத்தார். வினவியோர்க்கு எழுத்தாலேயே விடையளித்தார். பழந்தமிழ் நூல்களைக் கற்றதோடு, வடமொழி, தெலுங்கு, மலையாளம் ஆகியவற்றிலும் பாடல் இயற்றும் புலமை பெற்றார். 1928இல் புலவர் முருகனார் வேண்டுகோளால் உள்ளது நாற்பது என்னும் வெண்பா நூலை நிறைவு செய்தார். தன்மை இருப்பதனாலேயே முன்னிலையும் படர்க்கையும் உளவாகின்றன என்றும், தன்மையின் உண்மையை ஆராய்ந்தால் மூன்றும் ஒன்றாகும் என்றும் அந்நூலில் விளக்கினார். பள்ளி மாணவர் அறிந்த மூவிடப் பெயர்களே அங்கு மெய்ப்பொருளை உணர்த்தும் கருவிகளாயின.

ஆங்கில எழுத்தாளர் சாமர்செட் மாம் 1938இல் அவரை நாடி வந்தார். 1950ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் முனிவர் மறைந்தார். மும்முறை எழுதியும் மனத்தில் பதியாத இலக்கணம் உண்டு. வாழ்வோடு பொருந்தும்போது ஒரு சொல்லின் இடமாற்றமும் பெரும்பொருள் பயக்கும் என்பதை அவர் வரலாறு காட்டுகிறது.