மகப்பேறு விண்ணப்பத்தில் இருக்கும் அந்தப் பெயர்: யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

ஜூலை கடைசி வாரம். குற்றாலத்தில் சாரல் பிடிச்சாச்சுன்னா தென்காசி பஸ் ஸ்டாண்டில் நிற்க இடம் இருக்காது. மெயின் அருவி, ஐந்தருவி என்று ஊரே நனைந்துகொண்டிருக்கும். அதே நேரத்தில் தென்காசி, செங்கோட்டை, கடையநல்லூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் இன்னொரு வரிசை நிற்கும். கையில் ஆதார், பேங்க் பாஸ்புக், கர்ப்பப் பதிவு எண். நர்ஸ் அக்கா விவரங்களைப் பதிவு செய்வது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு. பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18 ஆயிரம் ரூபாய் மதிப்புள்ள உதவி அது.

திட்டத்தை எல்லோருக்கும் தெரியும். பெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தெரிந்தவர்கள் குறைவு. ஜூலை 30 அவருடைய பிறந்தநாள். தமிழக அரசு மருத்துவமனைகளில் அந்த நாள் மருத்துவமனை தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. டாக்டராக வேண்டும் என்று நீட் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை இது.

எங்கே பிறந்தார்?

1886-ல் புதுக்கோட்டையில். அப்போது அது தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் இருந்த சமூகம் அது. இந்தத் திருமணத்தால் அப்பாவை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள்.

சின்ன வயதில் பெரும்பாலும் வீட்டில்தான் படிப்பு. மெட்ரிக் தேர்வையும் தனித்தேர்வராக எழுதித்தான் தேறினார். அடுத்து கல்லூரி. மகாராஜா கல்லூரியில் அதுவரை பையன்கள் மட்டும்தான். ஒரு பெண் வந்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. அம்மாவின் பிறப்பையும் சிலர் இழுத்தார்கள். கடைசியில் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி கொடுத்த பிறகே இடம் கிடைத்தது. முதல்வரின் மகளுக்கே இந்த நிலை என்றால், மற்ற வீட்டுப் பெண்களின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவின் முதல் பெண் டாக்டரா?

இல்லை. வாட்ஸ்அப்பில் அப்படித்தான் சுற்றுகிறது, ஆனால் அது தவறு. முத்துலட்சுமி பிறந்த அதே 1886-ல்தான் ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் வாங்கினார். கொல்கத்தாவில் காதம்பினி கங்குலியும் அதே காலத்தில் டாக்டரானார். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875-ல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

முத்துலட்சுமி அங்கே சேர்ந்தது 1907-ல். 1912-ல் பட்டம் பெற்று வெளியே வந்தார், அறுவை சிகிச்சைப் பாடத்தில் தங்கப் பதக்கத்தோடு. எழும்பூரில் உள்ள அரசு மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன் ஆனார். அவர் பெயர் நிலைத்ததற்குக் காரணம் முதலில் வந்தது அல்ல. டாக்டரான பிறகு அவர் என்ன செய்தார் என்பதுதான்.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொருவர்

தென்காசிக்காரர்களுக்கு ஒரு சுவாரஸ்யமான தகவல். குற்றாலத்துக்கு மிக அருகில் இருக்கும் செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில் 1886 ஆகஸ்டில் பிறந்தவர் மேரி பூனன் லூக்கோஸ். பெண் என்பதால் திருவனந்தபுரத்தில் அறிவியல் படிக்க இடம் மறுக்கப்பட்டு, வரலாறு படிக்க வேண்டியதாயிற்று. பிறகு லண்டன் போய் டாக்டராகித் திரும்பினார். 1938-ல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரல் ஆனார், சமஸ்தானத்தின் மருத்துவத் துறைக்கே தலைவர். நாகர்கோவிலில் காசநோய் மருத்துவமனை வரக் காரணமும் அவர்தான்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒருவர், இந்தப் பக்கம் ஒருவர். ஒரே ஆண்டில் பிறந்தவர்கள். இருவருக்கும் முதலில் மூடியது கல்லூரிக் கதவு.

கல்யாணத்துக்குப் போட்ட கண்டிஷன்

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார் முத்துலட்சுமி. அப்போது வயது 27. அந்தக் காலக் கணக்கில் ரொம்பத் தாமதம். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே பேசிக்கொண்டுதான் சம்மதித்தார். சுந்தர ரெட்டியும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

டாக்டர் ஏன் சட்டசபைக்குப் போனார்?

பிரசவ வார்டில் வேலை பார்த்தவருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. பதின்மூன்று, பதினான்கு வயதில் கல்யாணம் செய்து வைத்தால் எந்த மருந்தும் அந்தப் பெண்ணின் உடம்பைக் காப்பாற்றாது. நோயின் வேர் வார்டுக்கு வெளியே இருந்தது.

1925-ல் அரசு உதவித்தொகையில் மேல்படிப்புக்காக இங்கிலாந்து போய்த் திரும்பியவர், சென்னை மாகாணச் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். 1927-ல் அவையே அவரைத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. திருமண வயதை உயர்த்துவது, பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை என்று வரிசையாகக் கேட்டார்.

பெரிய சண்டை தேவதாசி முறை ஒழிப்பில்தான். இங்கே நிலம் ஒரு முடிச்சாக இருந்தது. கோயிலில் ஆடினால்தான் குடும்பத்துக்கு மானிய நிலம். மகளைப் பொட்டுக்கட்டி விடாவிட்டால் சோறு போய்விடும். 1929-ல் அவர் முயற்சியால் வந்த சட்டத் திருத்தம் நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்தது. ஊழியத்தை விட்டாலும் நிலம் அவர்களுக்கே.

எதிர்ப்பு சாதாரணமானதல்ல. காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி எதிர்த்தார். கலை அழியும், தங்கள் உரிமை போகும் என்று பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள். முழுத் தடைச் சட்டம் 1947-ல்தான் வந்தது. ஏறக்குறைய 20 வருடம். இடையில் 1930-ல் காந்தி கைதானபோது, அதைக் கண்டித்துப் பதவியையே ராஜினாமா செய்துவிட்டார்.

அந்த வழக்கத்திலிருந்து தப்பி வரும் பெண் எங்கே தங்குவாள்? சட்டத்தில் இதற்குப் பதில் இல்லை. 1930-ல் தன் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுதான் பிறகு அடையாறு அவ்வை இல்லம் ஆனது. ஆதரவற்ற பெண் பிள்ளைகள் அங்கே படித்து நர்ஸ்களாகவும் ஆசிரியைகளாகவும் வெளியே வந்தார்கள்.

தங்கையின் மரணம்

டாக்டர் வீட்டிலும் நோய் வரும். முத்துலட்சுமியின் தங்கைக்குக் குடல் பகுதியில் புற்றுநோய். முதலில் அது சீதபேதி என்று தவறாகக் கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. தங்கப் பதக்கம் வாங்கிய டாக்டர், பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க மட்டுமே முடிந்தது.

அந்த வலியை அவர் விடவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்கென்று தனி மருத்துவமனை வேண்டும் என்று பேசினார். அந்த நோய் வந்தாலே சாவுதான் என்று நம்பிய காலம். காசைக் கொட்டி என்ன பயன் என்பதே பலருடைய எண்ணம். வீடு வீடாக, ஆள் ஆளாக நிதி கேட்டார்கள். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வெறும் 12 படுக்கைகளோடு தொடங்கியது. அப்போது அவருக்கு வயது 67.

அவரைப் பார்த்து வந்தவர்

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அங்கே பொறுப்பேற்றார். 1955-ல் இன்னொரு இளம் டாக்டர் வந்து சேர்ந்தார். மயிலாப்பூரில் வளர்ந்தவர். அரசுத் தேர்வில் தேறி, எழும்பூர் மருத்துவமனையில் நல்ல வேலை காத்திருந்தது. அதை விட்டுவிட்டு 12 படுக்கை இடத்தைத் தேர்ந்தெடுத்தார். அவர்தான் டாக்டர் சாந்தா. 2021-ல் இறக்கும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடு. 2005-ல் மகசேசே விருது, 2016-ல் பத்ம விபூஷண். முத்துலட்சுமி ஏற்றிய விளக்கை 65 ஆண்டு அணையாமல் பார்த்துக்கொண்டவர்.

முத்துலட்சுமிக்கு 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல் காலமானார். 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள்தான் இருந்தது.

இன்றைக்கு என்ன?

2019-ல் தனி மாவட்டமான தென்காசியில் அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் இல்லை. பக்கத்தில் என்றால் 1965-ல் தொடங்கிய திருநெல்வேலி மருத்துவக் கல்லூரிதான். நீட், கட்-ஆஃப், ஃபீஸ் என்று இன்றைய தடைகள் வேறு. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு ஒரு கதவைத் திறந்திருக்கிறது.

சீட் கிடைப்பது பெரிய விஷயம்தான். ஆனால் முத்துலட்சுமிக்கு 1907-ல் கிடைத்த சீட் ஒரு தொடக்கம் மட்டுமே. வார்டில் பார்த்ததைச் சட்டசபையில் கேட்டார். சட்டத்தால் முடியாததை வீட்டில் செய்தார். வீட்டில் இழந்ததை ஊருக்கே மருத்துவமனையாகக் கொடுத்தார்.

அடுத்த முறை சாரலில் நனைந்தபடி சுகாதார நிலையத்துக்கு அக்காவையோ அண்ணியையோ கூட்டிப்போகும்போது, விண்ணப்பத்தில் இருக்கும் அந்தப் பெயரை ஒரு தரம் நிதானமாகப் படித்துப் பாருங்கள்.