நாள் குறித்த வித்துவான் குட்டி

மாங்குளம் 1990இலும் 1999இலும் 2008இலும் கைமாறிய ஊர். சந்தியைச் சூழ வாழ்ந்த மக்கள் உடுத்த உடையோடு கிழக்கு நோக்கி நகர்ந்து, 2009 மே வரையில் பட்ட பாட்டை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. யுத்தம், பஞ்சம், சாவு ஆகியன குதிரையேறி வரும் காட்சியை வெளிப்படுத்தின விசேஷத்தில் வாசிக்கும் வன்னிக் கிறிஸ்தவருக்கு அது பழங்கதையன்று, கண்ணாற் கண்டது. ஆதலால், உலக முடிவுக்கு ஆண்டும் மாதமும் குறித்துப் பேசும் பிரசங்கம் இங்கே எளிதில் எடுபடக்கூடும். அப்படி நாள் குறித்த ஒருவரின் வரலாற்றை இவ்வேளையில் நினைவுகூர்வது தகும். அவர் நமது அயலான கேரளத்தில் வாழ்ந்தவர்; தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் உதித்தவர்.

1835இல் திருவிதாங்கூரிற் பிறந்த இராமையன், இளமையிலேயே சங்கீதத்திலும் சமஸ்கிருதத்திலும் தேர்ந்து வித்துவான் குட்டி எனப் பெயர் பெற்றார். வேதாகமத்தைத் தாமே தேடிக் கற்றவர், 1861இல் மாவேலிக்கரையில் குடும்பத்தினருடன் ஞானஸ்நானம் பெற்று யுஸ்தூஸ் யோசேப்பு ஆனார். அக்காலத்தில் பிராமணர் ஒருவர் இவ்வாறு மதம் மாறுவது சுற்றத்தையும் சொத்தையும் ஒருங்கே துறப்பதற்கு ஒப்பாகும். பின்னர் அவர் ஆங்கிலிக்கன் மிஷனின் குருவானார்.

1860இல் தமிழகத்தின் கிறிஸ்தியான்பேட்டையில் அருளப்பனைச் சூழ எழுந்த உயிர்மீட்சி இயக்கம், 1873 அளவில் திருவிதாங்கூரையும் எட்டியது. மக்கள் அழுது பாவ அறிக்கை செய்தனர். கனவும் தரிசனமும் கண்டதாகக் கூறினர். யுஸ்தூஸ் யோசேப்பு அதன் முன்னணியில் நின்றார். தரிசனங்களின் வழியே கிறிஸ்துவின் வருகைக்கு நாள் குறிக்கப்பட்டபோது மிஷன் தலைமை அதனை ஏற்கவில்லை. 1875இல் உறவு முறிந்தது. ஐந்தரை ஆண்டுக் காத்திருப்பைப் பற்றிப் பேசியமையால் அவரைப் பின்தொடர்ந்தோரை அஞ்சரை வேதக்காரர் என்று ஊரார் அழைத்தனர். கேலியும் கலந்த பெயர்தான்.

1881 ஒக்டோபரே குறிக்கப்பட்ட காலம். ஒக்டோபர் வந்தது, போயிற்று. வானம் திறக்கவில்லை.

இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்பார் தானியேலின் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணிக் கணக்கிட, அவரைப் பின்பற்றியோர் 1844 ஒக்டோபர் 22ஆந் திகதிக்குக் காத்திருந்து ஏமாந்தனர். அந்த நாளையும் நாழிகையையும் ஒருவரும் அறியார் என்று சுவிசேஷத்திலேயே இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷமோ, உரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த ஆசியா மைனரின் ஏழு சபைகளுக்கு, முதலாம் நூற்றாண்டின் இறுதியளவில் அனுப்பப்பட்டது. அதிற் சொல்லப்படும் பாபிலோன் உரோமாபுரியே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. துன்பத்தில் இருந்தோருக்கு, கொடுங்கோன்மைக்கு முடிவுண்டு, அதுவரை உறுதி தளராதீர் என்று கூறிய நூலை நாட்காட்டியாக்கியதே இவர்கள் அனைவரும் செய்த பிழை.

யுஸ்தூஸ் யோசேப்பை வஞ்சகர் என்று கூற நாம் துணியோம். தமது நம்பிக்கைக்காக முதலில் சாதியையும் பிறகு பதவியையும் இழந்தவர் அவர். ஆயின் 1881க்குப் பின் அவர் செய்ததை அத்துணை இலகுவிற் கடந்துவிட இயலாது. தவறினேன் என்று கூறாமல், வருகை வேறொரு விதத்தில் நிகழ்ந்துவிட்டதாக விளக்கம் சொன்னார். அவ்வாண்டிலிருந்து புதிய யுகம் தொடங்கிற்று என்று யுயோமயம் என்னும் தனி மார்க்கத்தை அமைத்தார். காத்திருந்தவர்களுள் பலர் தாங்கள் விட்டு வந்த சபைகளுக்கே திரும்பிச் சென்றனர். முன்பு எவரை எதிர்த்து வெளியேறினார்களோ, அவர்கள் முன்னிலையில் மீண்டும் போய் அமர்வது எவ்வளவு கூசியிருக்கும்! போதகர் ஒருவரின் கணக்குப் பிழைத்தால் அதன் விலையைக் கொடுப்பவர்கள் இத்தகைய எளிய மனிதர்களே.

1887இல் அவர் மறைந்தார். யுயோமயம் ஒரு சிறு குழுவாகச் சுருங்கிற்று. கர்நாடக இராகங்களில் அவர் இயற்றிய மலையாளக் கீர்த்தனைகளோ, அவரை விலக்கிய ஆங்கிலிக்கன் மரபில் வந்த தென்னிந்தியத் திருச்சபையிலும் மார்த்தோமா சபையிலும் இன்றும் பாடப்படுகின்றன; மணவாளனின் வருகைக்கு ஏங்கும் பாடல்களும் அவற்றுள் உண்டு.