ஈ லான் அரசியார்
வியட்நாம் தேசத்து ஹனோய் நகரையடுத்த யுவோங் சா கிராமத்திலே, ஈ லான் அரசியாருக்கு ஒரு கோயிலும் அதனருகே புத்த விகாரையும் உள்ளன.

முசுக்கட்டை இலை பறித்த குடியானவப் பெண்ணாகிய அவர், பிள்ளையின்றி வருந்திய லீ தான் தோங் மன்னரை மணந்து 1066இல் மகவீன்றார். 1069இல் மன்னர் சம்பா நாட்டின் மீது போருக்குச் சென்றிருந்தபோது நாட்டைத் திறம்பட ஆண்டார். மன்னர் மறைந்தபின், 1073இல், பொறாமையினால் மூத்த அரசியையும் எழுபதுக்கு மேற்பட்ட பணிப்பெண்களையும் சிறைப்படுத்திச் சாகச் செய்தார். இக்கொடுமையை நாம் மறைத்தல் தகாது.

பின்னர் அவர் மனம் வருந்தி நூற்றுக்கு மேற்பட்ட விகாரைகளை எழுப்பினார் என்பர். அவற்றினும் மேலாக நாம் போற்றுவது, 1103இல் அரண்மனைப் பொருளைக் கொடுத்து, ஊழியத்திற்கு விற்கப்பட்ட ஏழைப் பெண்களை மீட்டு மணம் செய்வித்ததையேயாம். 1117இல் அவர் மறைந்தார்.

செய்த தீவினை அழியாது. ஆயினும் நல்வினையின் வாயில் எவருக்கும் அடைபடுவதில்லை. விகாரை எழுப்ப நம்மிடம் பொருளில்லை. தாழ்த்தப்பட்டோரின் தளையறுக்க நமக்குக் கைகள் உண்டு.