அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகளும் டாக்டர் முத்துலட்சுமி அம்மையாரும்

நம்முடைய கடைகளுக்குப் பெரியவர்கள் மட்டுமல்ல, பிள்ளைகளும் வருகிறார்கள். மேல் தட்டிலிருக்கும் சாமானை எடுக்க நாம் கையை உயர்த்தினாலே மிரண்டு பின்வாங்கும் பிள்ளையை நாம் கண்டிருக்கிறோம். எங்கோ, யாரோ அடித்த அடி அந்தச் சிறு நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. இத்தகைய பிள்ளைகளுக்கு நிழலாக நின்ற ஓர் அம்மையாரின் சரித்திரத்தை இங்கே சுருக்கமாகச் சொல்கிறோம்.

முத்துலட்சுமி அம்மையார் 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி, படித்துப் பெரிய உத்தியோகத்தில் இருந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தவர். அக்குலத்துப் பெண் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கம் அந்நாளில் இருந்தது. அப்பிள்ளைகளுக்குக் கல்யாணம் கிடையாது. பணக்காரர்களின் இச்சைக்கு இரையாவதே பலருடைய கதியாயிற்று.

தாயின் குலத்தை வைத்து மகளையும் ஊர் அளந்தது. ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மகாராஜாவே அனுமதி கொடுத்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பதே அவர் விதித்த நிபந்தனை.

பின்னர் சென்னைச் சட்டசபையில் முதல் பெண் அங்கத்தினராகி, அதன் உபதலைவராகவும் ஆனார். பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அங்கே வாதாடினார். முஸ்லிம் மாணவிகளுக்குத் தனி விடுதி ஏற்படவும் பாடுபட்டார் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும். 1930-ல் காந்தியடிகள் கைதானதும் பதவியைத் துறந்தார்.

ஆனால் சட்டம் கதவைத்தான் திறக்கும். வெளியே வந்த பிள்ளை எங்கே போகும்? அந்தக் கேள்வி அம்மையாரின் வாசலுக்கே வந்தது. தேவதாசி குலத்துச் சிறுமிகள் சிலர் அந்த வாழ்வுக்கு அஞ்சி, அவரிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். சாதி பிரித்து நடந்த விடுதிகள் அவர்களுக்கு இடங்கொடுக்கவில்லை. அம்மையார் அவர்களைத் தம் சொந்த வீட்டிலேயே தங்க வைத்தார். அதிலிருந்து வளர்ந்ததே 1931-ல் ஏற்பட்ட அவ்வை இல்லம். அங்கே குலம் பார்க்கவில்லை. ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கெல்லாம் இடமிருந்தது. சோறும் பாயும் கொடுத்ததோடு நில்லாமல், படிப்பும் தொழிலும் கொடுத்துச் சொந்தக் காலில் நிற்க வைத்தார்கள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் நிறைவேறியது. சட்டம் வரட்டுமென்று அம்மையார் காத்திருந்தால், அந்தப் பிள்ளைகளின் இளமை போயிருக்கும்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்திலும் அவர் சோர்ந்துவிடவில்லை. 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை ஏற்படுத்தினார். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இன்று பிள்ளைகளின் மனக்காயத்தை ஆராயும் வைத்தியர்கள் சொல்வது என்ன? முதல் மருந்து பயமில்லாத இடம். இரண்டாவது, மாறாமல் அன்பு காட்டும் ஒரு பெரியவர். மூன்றாவது, நேரத்துக்கு உணவு, உறக்கம், பள்ளி என்ற ஒழுங்கு. நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கிளறுவது கூடாது. பிள்ளை தானாகச் சொல்லும்போது நம்பிக் கேட்க வேண்டும். அழுதாலும் முரண்டு பிடித்தாலும், அது கெட்ட பிள்ளை என்று முத்திரை குத்தக் கூடாது.

கோப்பெங்கில் நமக்கு இல்லம் கட்டும் வசதி இல்லாமலிருக்கலாம். ஆனால் மிரண்டு நிற்கும் பிள்ளையிடம் குரலைத் தாழ்த்திப் பேசலாம். கொடுமை நடப்பதை அறிந்தால், குடும்ப விஷயம் என்று ஒதுங்காமல் சமூகநல இலாகாவுக்கோ 15999 என்ற உதவி எண்ணுக்கோ தெரிவிக்கலாம். நம் நாட்டில் பிள்ளைகளைக் காக்க 2001-ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. ஆயினும் முன்னே சொன்னதுபோல், சட்டம் கதவைத்தான் திறக்கும். உள்ளே வா என்று அழைக்க மனிதர் வேண்டும்.