பேஸ்பால் ஃபைனலும் மழையும்: யார் இந்த நீதிபதி லேண்டிஸ்?

மழை வந்தால் மேட்ச்சை நிறுத்தணுமா, தொடரணுமா? 100 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்க பேஸ்பாலில் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டவர் கெனிசா மவுன்டன் லேண்டிஸ்.

பெயரே ஒரு போர்க்களம்

1866-ல் ஒஹாயோ மாநிலத்தில் பிறந்தார். உள்நாட்டுப் போரில் அப்பா காயமடைந்த மலையின் பெயரையே மகனுக்கு வைத்துவிட்டார்கள். 1905-ல் ஃபெடரல் நீதிபதி ஆனார். 1907-ல் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்துக்கு சுமார் 2.9 கோடி டாலர் அபராதம் போட்டு நாடு முழுக்கப் பேசப்பட்டார். மேல்முறையீட்டில் அது ரத்தானது தனிக்கதை.

ஏன் பேஸ்பாலுக்கு வந்தார்?

1919 வேர்ல்ட் சீரிஸில் சூதாட்டம் நடந்தது அம்பலமாக, விளையாட்டின் மானமே கப்பலேறியது. அதைக் காப்பாற்ற 1920-ல் லேண்டிஸை முதல் கமிஷனர் ஆக்கினார்கள். கோர்ட் விடுவித்த 8 வீரர்களுக்கும் அவர் வாழ்நாள் தடை விதித்தார்.

1922: வெளிச்சம் இருந்தும் நின்ற ஆட்டம்

நியூயார்க்கில் வேர்ல்ட் சீரிஸ் 2-வது ஆட்டம். 10 இன்னிங்ஸ் முடிவில் 3-3. இருட்டுகிறது என்று அம்பயர்கள் நிறுத்திவிட்டார்கள். சூரியனோ இன்னும் மறையவில்லை! கொதித்துப்போன ரசிகர்கள் லேண்டிஸைச் சூழ்ந்துகொண்டார்கள். டிக்கெட் வசூல் 1,20,000 டாலருக்கு மேல். அத்தனையையும் அவர் தர்ம காரியங்களுக்குக் கொடுத்துவிட்டார்.

1925: மழையிலும் நிற்காத ஆட்டம்

பிட்ஸ்பர்க்கில் கடைசி, 7-வது ஆட்டம். ஏற்கெனவே மழையால் ஒரு நாள் தள்ளிப்போயிருந்தது. அன்றும் மழை, பனிமூட்டம், சேறு. ஆனாலும் லேண்டிஸ் நிறுத்தவில்லை.

இங்கேதான் விஷயம். அன்றைய விதிப்படி 5 இன்னிங்ஸ் முடிந்தாலே ரிசல்ட் செல்லும். 6 இன்னிங்ஸ் முடிவில் வாஷிங்டன் 6-4 என முன்னிலை. அப்போது நிறுத்தியிருந்தால் கோப்பை அவர்களுக்கு. ஆட்டம் தொடர்ந்தது. 37 வயது பிட்சர் வால்டர் ஜான்சன், வழுக்கும் சேற்றில் நின்று அடுத்த 2 இன்னிங்ஸில் 5 ரன்களைக் கொடுத்தார். பிட்ஸ்பர்க் 9-7 என வென்றது.

நிறுத்தினாலும் கோபம், தொடர்ந்தாலும் ஒருவருக்கு நஷ்டம். விதி தெளிவாக இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய நீதிபதியும் திட்டு வாங்கத்தான் வேண்டும்.

பிறகு?

1944-ல் இறக்கும்வரை அவரே கமிஷனர். அந்தக் காலம் முழுக்க மேஜர் லீகில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை என்பது அவர் பெயரில் இன்றும் நிற்கும் கறை.

மழைச் சிக்கலுக்கு விடை வர இன்னும் பல வருஷம் ஆனது. 2008 வேர்ல்ட் சீரிஸில் மழையால் ஓர் ஆட்டம் பாதியில் நின்று, 2 நாள் கழித்துத் தொடர்ந்தது. அடுத்த வருஷமே விதியை மாற்றினார்கள்: சாம்பியன்ஷிப் கட்ட ஆட்டம் எதில் நின்றாலும், விட்ட இடத்திலிருந்து முழுசாக ஆடி முடிக்கணும்.