நீரைத் தேடிப் போன நங்கை: ஆனெட் கெல்லர்மன்

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

உலகப் புகழ் பெற்ற ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரலாம் என்று மலர்க் குழுவினர் அறிவிப்புப் பலகையில் ஒட்டியதும், என் வகுப்புத் தோழியர் மேரி கியூரியையும் சர் சி. வி. இராமனையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். இயற்பியல் படிப்பவர்களுக்கு அதுதான் பொருத்தம். நானோ நம் பக்கத்தில் அதிகம் பேர் கேள்விப்படாத ஓர் ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனையைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கான காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எங்கள் ஊர்க் கிணற்றில் அண்ணன்மார்கள் அரைக்கால் சட்டையோடு குதித்து நீந்துவார்கள். எனக்கும் ஆசை. அப்பாதான் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி இறக்கிவிட்டார். பாவாடை சட்டையோடுதான் பழகினேன். பன்னிரண்டாம் வயதில் ஒரு நாள் நடுக்கிணற்றில் ஈரப் பாவாடை இரண்டு கால்களையும் கயிறு போலச் சுற்றிக்கொண்டது. இரண்டு முறை மூழ்கினேன். பெரிய அண்ணன் என் பின்னலைப் பிடித்து இழுத்துப் படியில் போட்டார். அன்றோடு என் நீச்சலுக்குத் தடை விழுந்தது. பெண் பிள்ளைக்குத் தண்ணீர் ஆகாது என்றார்கள். பாவாடைதான் ஆகாது என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

ஆனெட் கெல்லர்மன் 1886ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள் சிட்னி நகரில் பிறந்தார். தந்தை வயலின் வாசிப்பவர். தாயார் பிரெஞ்சு வழியைச் சேர்ந்த பியானோ கலைஞர், இசை ஆசிரியை. வீடு நிறைய இசை இருந்தும் குழந்தைக்கு ஓடியாடக் கால்கள் இடம் தரவில்லை. ஆறு வயதில் இரண்டு கால்களும் பலவீனமாக இருந்ததால் இரும்புப் பட்டைகளைப் பூட்டினார்கள். அந்த இரும்பு தந்த வலியைப் பிற்காலத்திலும் அவர் மறக்கவில்லை. கால்கள் வலுப்பெற வேண்டுமென்றே சிட்னியில் இருந்த கேவில் குடும்பத்தாரின் நீச்சல் குளத்துக்கு அவரை அனுப்பினர். தரையில் நடக்கத் தயங்கிய சிறுமி தண்ணீரில் தயங்கவில்லை. பதின்மூன்று வயதுக்குள் கால்கள் ஏறத்தாழச் சரியாகிவிட்டன. 1902இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலப் பெண்களுக்கான 100 கெஜப் போட்டியிலும் ஒரு மைல் போட்டியிலும் அவரே வென்றார்.

அதே ஆண்டில் குடும்பம் மெல்போர்ன் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே ஒரு காட்சிசாலையின் கண்ணாடித் தொட்டியில் மீன்களோடு மீனாக நீந்திக் காட்டிப் பணம் சம்பாதித்தார். ஓர் இளம்பெண் இப்படிப் பொதுமக்கள் முன் நீந்துவது அன்று சாதாரணமல்ல. ஆண்கள் பார்க்கப் பெண்கள் போட்டியில் நீந்தக் கூடாது என்று அவருடைய மாநிலத்துப் பெண்கள் நீச்சல் சங்கமே பின்னர் விதி வைத்திருந்தது. 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கான நீச்சல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் 100 மீட்டர் தங்கத்தை வென்றவரும் சிட்னிப் பெண்ணே. ஃபேனி டுராக் என்பது அவர் பெயர்.

அக்காலத்து மேல்நாட்டுப் பெண்களின் குளியல் உடையைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஆனெட்டின் பெருமை விளங்காது. கம்பளித் துணியில் கையுள்ள மேல்சட்டை, முழங்கால் வரை தொங்கும் பாவாடை, அதற்குள் தொளதொளத்த கால்சட்டை, காலுக்குக் கறுப்பு உறை, பலருக்குக் காலணியும் உண்டு. பாவாடை மிதந்து எழாதிருக்க விளிம்பில் ஈயக் குண்டு வைத்துத் தைப்பவர்களும் இருந்தார்கள். நனைந்த கம்பளியின் பாரம் அவர்களை மூழ்கடித்தது என்று பலரும் எழுதுகிறார்கள். இயற்பியல் மாணவி என்ற முறையில் இங்கே ஒரு சிறு திருத்தம் சொல்ல ஆசைப்படுகிறேன். துணி உறிஞ்சிய தண்ணீருக்குத் தண்ணீருக்குள் எடை இல்லை. ஆர்க்கிமிடீஸ் அதைத் தாங்கிக்கொள்கிறார். கரையேறும்போதுதான் அந்தப் பாரம் தெரியும். நீருக்குள் பகைவன் வேறு. மடிப்பு மடிப்பாக விரிந்த துணி இழுவையைப் பெருக்குகிறது. துணிக்குள் சிக்கிய நீரையும் ஒவ்வோர் உதைப்பிலும் சேர்த்துத் தள்ள வேண்டியிருக்கிறது. கால்களைச் சுற்றிவிட்டாலோ உதைப்பே இல்லை. கிணற்றில் எனக்கு நேர்ந்ததும் இதுவே என்பதை ஏழாண்டு கழித்துப் பாய்ம இயக்கவியல் பாடத்தில்தான் புரிந்துகொண்டேன்.

ஆனெட் இந்தக் கணக்கெல்லாம் போடவில்லை. ஆண் பிள்ளைகள் அணியும், உடலோடு ஒட்டிய ஒரே துண்டான நீச்சலுடையை எடுத்து மாட்டிக்கொண்டார், அவ்வளவுதான். 1905இல் தந்தையோடு இங்கிலாந்து சென்று தேம்ஸ் ஆற்றில் புட்னியிலிருந்து பிளாக்வால் வரை நீந்தினார். புகழ் பரவியது. லண்டன் பாத் கிளப்பில் அரச குடும்பத்தார் முன் நீந்த அழைப்பு வந்தது, கால் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு. அவர் மறுக்கவுமில்லை, பாவாடைக்குத் திரும்பவுமில்லை. நீண்ட கறுப்புக் காலுறைகளை வாங்கி அந்தப் பையன் உடையின் அடியில் சேர்த்துத் தைத்துவிட்டார். கழுத்திலிருந்து பாதம் வரை மூடியாயிற்று, கால்களும் விடுதலையாயின. ஊசியும் நூலும் கொண்டு ஒரு நிபந்தனையை இத்தனை அழகாகக் கடந்தவர் வேறு யாரையும் நான் படித்ததில்லை.

அதே 1905 ஆகஸ்டில் ஆங்கிலக் கால்வாயை நீந்த முயன்ற முதல் பெண்களுள் ஒருவர் என்ற பெயரையும் பெற்றார். மூன்று முறை முயன்றார். மூன்றிலும் கரை சேரவில்லை. அவரோடு முயன்ற ஆண்கள் உடம்பில் கொழுப்பைப் பூசிக்கொண்டு உடையின்றி இறங்கினார்கள். பெண் என்பதால் அவர் மட்டும் உடை அணிந்தாக வேண்டியிருந்தது. அது சிறிய உடைதான். ஆனாலும் மணிக்கணக்கில் கை வீசியதில் உப்பு நீரில் துணி உரசி உரசி, இரண்டு அக்குள்களிலும் தோல் உரிந்து புண்ணாயிற்று. அந்த வேதனையை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இந்த இடத்தில் என் அனுபவத்தைக் கொஞ்சம் எழுத வேண்டும். எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அக்குள் புண்ணைப் பற்றி ஆனெட் கூசாதபோது நான் ஏன் கூச வேண்டும்? கல்லூரிகளுக்கிடையிலான நீச்சல் போட்டிக்கு நம் கல்லூரியிலிருந்து பெண்கள் யாரும் போனதில்லை என்று உடற்கல்வி இயக்குநர் அம்மா வருத்தப்பட்டபோது நான் கை தூக்கிவிட்டேன். குளத்துக்குப் பருத்திச் சுடிதாரோடு போனேன். பருத்தி உடைக்கு அனுமதியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நீச்சலுடை வாங்கக் கையில் காசில்லை. கபடி ஆடும் தோழி ஒருத்தி தன் ஸ்போர்ட்ஸ் பிராவைக் கொடுத்தாள். அதன் மேல் நைலான் பனியனும் முழுக்கால் இறுக்க உடையும் போட்டு நீந்தினேன். முதல் நாள் விடுதலையாக இருந்தது. நாலாம் நாள் ஆனெட்டின் புண் எனக்கும் வந்தது.

பிறகு விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன். ஸ்போர்ட்ஸ் பிரா ஓடுவதற்காகப் பிறந்த உடை. 1977இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்களின் உள்ளாடை இரண்டை இணைத்துத் தைத்து அதை உருவாக்கினார்கள். ஓடும்போது மார்பு குலுங்கி வலிக்காமல் இருப்பதற்கு அது இறுக்கிப் பிடிக்க வேண்டும். தண்ணீரிலோ மிதப்பு விசையே பெரும்பாரத்தைத் தாங்கிவிடுகிறது. அத்தனை இறுக்கம் தேவையில்லை. உள்ளே பஞ்சு வைத்ததானால் நீரைப் பிடித்துவைத்துக் கொள்ளும். பருத்தி கலந்ததானால் ஈரத்தோடு உரசும். நைலானும் ஸ்பான்டெக்ஸும் கலந்து, பஞ்சில்லாமல், அக்குள் பக்கம் தடித்த தையல் இல்லாமல் இருந்தால் நீந்தலாம், ஒன்றும் குற்றமில்லை. ஆனால் குளத்துக் குளோரின் ஸ்பான்டெக்ஸின் நீட்சியைத் தின்றுவிடும். வெளியே வந்ததும் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோழியின் உடை தொளதொளவென்று ஆனபின் நானாகக் கற்றேன். அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுக்க இரண்டு மாத உதவித்தொகையில் மிச்சம் பிடித்தேன்.

ஆனெட்டிடம் திரும்புவோம். கடல் கைவிட்டாலும் மேடை கைவிடவில்லை. அமெரிக்கா சென்று நீர்க் காட்சிகளிலும் திரைப்படங்களிலும் புகழ் பெற்றார். 1907இல் பாஸ்டன் அருகே ரெவேர் கடற்கரையில் ஒட்டிய உடை அணிந்ததற்காக அவர் கைது செய்யப்பட்டார் என்ற கதை எல்லா நூல்களிலும் வருகிறது. அவரே சொன்ன கதைதான். ஆனால் ஆராய்ந்து தேடியவர்களுக்கு அக்காலத்துச் செய்தித்தாள்களில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. காட்சி நடத்திப் பிழைப்பவருக்கு நல்ல கதை தேவைப்பட்டிருக்கலாம். கைதானாலும் ஆகாவிட்டாலும், பெண்கள் அந்த உடையை விரும்பி வாங்கினார்கள். அவர் பெயராலேயே அது விற்பனைக்கும் வந்தது.

1908இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து டட்லி சார்ஜென்ட் அவர் உடலை அளந்து பார்த்து, குறையற்ற பெண் வடிவம் என்று அறிவித்தார். பலர் இதையே அவருடைய பெரும் பெருமையாக எழுதுகிறார்கள். இரும்புப் பட்டையை வென்ற கால்களை நாடா வைத்து அளப்பதில் என்ன பெருமையோ, எனக்கு விளங்கவில்லை. 1914இல் வந்த நெப்டியூன்ஸ் டாட்டர் படப்பிடிப்பில் கண்ணாடித் தொட்டி வெடித்து அவருக்கும் இயக்குநருக்கும் காயம் ஏற்பட்டது. அதற்குப் பிறகும் உயரத்திலிருந்து நீரில் பாயும் காட்சிகளில் தாமே பாய்ந்தார். 1918இல் நீச்சல் கற்பதைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

அவர் கடக்காத கால்வாயை 1926 ஆகஸ்ட் 6இல் கெர்ட்ரூட் எடர்லி என்ற அமெரிக்கப் பெண் பதினான்கரை மணி நேரத்தில் கடந்தார். அதற்குமுன் கடந்திருந்த ஆண்கள் அனைவரையும்விட விரைவாக. முந்தைய ஆண்டு தோற்றபோது உடை நீரை வாங்கி உரசியதால், இம்முறை அதை மேலும் கீழுமாக இரு துண்டாக்கி, மெல்லிய மேல் கச்சோடு நீந்தினார். ஆனெட்டின் அக்குள் புண்ணுக்கு இருபத்தோராண்டு கழித்து மருந்து கிடைத்தது எனலாம்.

ஆனெட் 1912இல் தம் மேலாளர் ஜேம்ஸ் சல்லிவனை மணந்தார். வாழ்நாள் முழுதும் சைவ உணவே உண்டார். இரண்டாம் உலகப் போரின்போது செஞ்சிலுவைச் சங்கத்துக்காக உழைத்தார். 1952இல் அவர் வாழ்க்கையை ஹாலிவுட்டில் படமாக எடுத்தார்கள். எஸ்தர் வில்லியம்ஸ் நடித்தார். 1970இல் தாய்நாடு திரும்பினார். முதுமையிலும் நீந்துவதை விடவில்லை. 1975 நவம்பரில் குயின்ஸ்லாந்தில் 89ஆம் வயதில் காலமானார். அவருடைய சாம்பலைப் பெரும் பவளத் திட்டில் தூவினார்கள். சிட்னியின் மாரிக்வில் பகுதியில் அவர் பெயரால் ஒரு நீச்சல் நிலையம் இருக்கிறது.

போட்டியில் எனக்கு 50 மீட்டர். ஒப்புதல் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். சுரைக்குடுக்கை கட்டியவர் அல்லவா, நீந்துவதற்குத் தடை சொல்லவில்லை. என்ன உடை என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்குத் தம் பெயரை எழுத மட்டுமே தெரியும். மலர் அச்சாகி வந்ததும் என் கட்டுரையை வாசிக்கச் சொல்லிக் கேட்பார். நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.